மார்க் பட்டியலும் பெயர்ப் பட்டியலும்

(செங்கல்பட்டில் நடந்த மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டங்களுக்கு என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கல்வியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் வாத்தியார் இல்லை. வங்கியில் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வரவு செலவு பார்க்கிறவன். அதனால் இதையும் கணக்காகவே பேசுகிறேன். கணக்கு என்றதும் கொட்டாவி விடாதீர்கள். நம்மை ஏமாற்றியவர்கள் எல்லாரும் கணக்கில்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும், அங்கிருந்து கடலோரமாகக் கல்பாக்கம் வரைக்கும் ஊர் ஊராக இறங்கி அரசு நடுநிலைப்பள்ளி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வார்கள். கூடவே, கேட்காமலே இன்னொன்றும் சொல்வார்கள். "அது காலனி பசங்க இஸ்கூலுங்க. அங்க இன்னா படிப்பு வரப்போவுது?"

இந்த ஒரு வாசகத்துக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. யார் படிக்கிறார்கள் என்பது ஒன்று. எப்படிப் படிக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதைக் காரணமாக்கி, இரண்டாவதை அதன் விளைவாக்கி முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். சாதியே காரணம், தோல்வியே பலன். மனு சொன்னதை மார்க் ஷீட் பாஷையில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்பதுதான் என் பேச்சு.

முதலில், யார் படிக்கிறார்கள்?

இந்தக் கடலோரத்து மக்களை நீங்கள் அறிவீர்கள். குப்பத்து மீனவர்கள். ஏரிக்கரையை ஒட்டி, வயலுக்கு அந்தப்பக்கம் சேரி. ஊர்த்தெரு. சவுக்குத் தோப்பு ஓரத்தில் இருளர் குடிசைகள். பூஞ்சேரியில் நரிக்குறவர்கள். ஓட்டலும் ரிசார்ட்டும் கட்ட ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கூலிக்காரர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளின் மஞ்சள் பஸ் ஊர்த்தெரு முனை வரைக்கும் வருகிறது. கையில் நாலு காசு உள்ளவன் பிள்ளையை அதில் ஏற்றிவிடுகிறான். நம்மாட்களிலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஏற்றிவிடுகிறார்கள். அது அவரவர் கவலை, நான் யாரையும் பழிக்கவில்லை. ஆனால் மிச்சம் யார்? சேரிப் பிள்ளைகள், இருளர் பிள்ளைகள், குப்பத்தில் வலை இல்லாத வீட்டுப் பிள்ளைகள், வெளிமாநிலக் கூலிகளின் பிள்ளைகள்.

ஒரு காலத்தில் ஊர்ப் பள்ளிக்குள் நம்மை விடவில்லை. இப்போது நாம் உள்ளே வந்ததும் அவர்கள் வெளியே போய்விட்டார்கள். போகும்போது 'தரம் கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூடமே சேரியாகிவிட்டது. குளம், சாவடி, டீக்கடை எல்லாவற்றிலும் நடந்ததுதான் இது. நாம் தொட்டதும் அதற்கு மதிப்பு இல்லாமல் போகிறது.

இந்த மண்ணுக்கு இதில் பழைய சரித்திரம் உண்டு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்கு நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் குடிசையைக் காலி பண்ணச் சொல்லலாம் என்பதை வெள்ளைக்காரன் காகிதத்தில் ஏற்றினார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010 அதிலிருந்துதான் வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அது. அடுத்த வருஷம், 1893இல், பஞ்சமர் கல்விக்கென்று சிறப்பு மானியங்களோடு மதராஸ் அரசு ஆணை போட்டது. நிலமும் மனையும் பள்ளியும் அந்த நாளில் ஒரே கோரிக்கையின் மூன்று கால்கள். நிலம் போனதும் மற்ற இரண்டு காலும் ஆட்டம் கண்டுவிட்டன. காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள். அதைக் கல்விக் கூட்டத்தில் ஏன் சொல்கிறேன் என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அப்பன் அடுத்தவன் நிலத்தில் கூலியாக நிற்கும்வரை பிள்ளையின் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு அந்த நிலக்காரன் கையில்தான் இருக்கும்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூர் கலாசாலையில் படித்ததைச் சொல்கிறார். சுமார் 400 பிள்ளைகள் படித்தார்கள், பத்துப்பேர் தவிர மற்ற அத்தனை பேரும் பிராமணர்கள் என்று எழுதுகிறார். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார். தோழர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் முதலில் சொல்வது தன் மார்க்கை அல்ல. எத்தனை பேர், யார் யார் என்ற எண்ணிக்கையைச் சொல்கிறார். அந்த வகுப்பறையில் ஒரு பையன் எப்படிப் படித்திருப்பான் என்பது அந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது.

இதே கணக்கைச் சட்டசபையில் வைத்து எண்ணிக் காட்டியவர் அம்பேத்கர். 1927 மார்ச் 12, பம்பாய்ச் சட்டமன்றம், கல்வி மானியத்தின் மீது விவாதம். அவர் எடுத்து வைத்த புள்ளிகளைக் கேளுங்கள். தொடக்கப் பள்ளியில், மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு, முன்னேறிய இந்துக்களில் 119 பேர் படிக்கிறார்கள். முஸ்லிம்களில் 92. இடைநிலை வகுப்பாரில் 38. பிற்பட்ட வகுப்பாரில் 18. அந்தக் கணக்கில் பிற்பட்டோர் என்பதில்தான் தீண்டப்படாதாரும் மலைவாழ் மக்களும் வருகிறார்கள். அடுத்து உயர்நிலைப் பள்ளி. லட்சம் பேருக்கு, முன்னேறிய இந்துக்கள் 3000. முஸ்லிம்கள் 500. இடைநிலை 140. பிற்பட்டோர் 14.

இப்போது நான் கிளார்க் வேலை பார்க்கிறேன். ஆயிரத்துக்கு 119 என்றால் லட்சத்துக்கு 11,900. அது உயர்நிலையில் 3000 ஆகிறது. நாலில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. நம்முடையது ஆயிரத்துக்கு 18, லட்சத்துக்கு 1800. அது 14 ஆகிறது. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தொடக்கத்தில் இருந்த இடைவெளி ஆறரை மடங்கு. மேலே போனபோது இருநூறு மடங்கைத் தாண்டிவிட்டது. அப்படியானால் எங்கே கொட்டியது? நடுவில் கொட்டியது. பள்ளிக்கூடத்தில் சேரும் நூறு பிள்ளைகளில் பதினெட்டுப் பேர்தான் நாலாம் வகுப்பைத் தொடுகிறார்கள், மற்ற 82 பேரும் எழுத்தறியாமைக்கே திரும்பிவிடுகிறார்கள் என்றும் அதே பேச்சில் அவர் சொன்னார்.

நூறு வருஷத்துக்கு முந்திய கணக்கு. இன்றைக்கு எண்கள் மாறிவிட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேராத தலித் பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சத்துணவு உண்டு, 2022இல் தொடங்கிய காலை உணவு உண்டு, இலவச பஸ் உண்டு, எல்லாவற்றுக்கும் மேல் நம் அம்மாக்களின் பிடிவாதம் உண்டு. ஆனால் கொட்டுகிற இடம் மாறவில்லை. ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம் முழுக்க ஏறத்தாழ 1,100. அவற்றில் தொடக்கப்பள்ளிகள் எண்ணூறுக்கு மேல். நடுநிலைப்பள்ளிகள் நூறையொட்டி. உயர்நிலை, மேல்நிலை இரண்டும் சேர்த்து இருநூறையொட்டி. சேரியில் பெரும்பாலும் அய்ந்தாவதோடு பள்ளி முடிந்துவிடுகிறது. ஆறாவதுக்குப் பிள்ளை சேரியைத் தாண்டி, ஊர்த்தெருவைத் தாண்டிப் போக வேண்டும். பத்து வயசில் தனியாகச் சாதியைச் சந்திக்கப் போகிறது அது.

எல்லாத் திட்டங்களும் அந்த ஆறாவதிலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான ஏழரை சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. தேசிய வருவாய்வழி தகுதித் தேர்வு என்று ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பில் எழுத வேண்டும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், தமிழ்நாட்டுக்கு 6,695 பேர். மாசம் ஆயிரம் என்பது நம் வீட்டில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையைத் துணிக்கடைக்கு அனுப்பாமல் நிறுத்துகிற தொகை அது. நம் பள்ளியிலிருந்து எத்தனை பேர் எழுதினார்கள், அதில் சேரிப் பிள்ளை எத்தனை, இருளர் பிள்ளை எத்தனை? கேட்டிருக்கிறோமா?

இனி 'படிப்பு வரல' என்பதற்கு வருகிறேன்.

எங்கள் வங்கித் தொழிலில் ஒரு வித்தை உண்டு. வராக்கடனைத் தள்ளுபடி என்று பேரேட்டிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சக் கணக்கு பளிச்சென்று இருக்கும். பள்ளிக்கூடத்திலும் அதே வித்தை நடக்கிறது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் நாற்பது பேர். எட்டு முடியும்போது இருபத்தெட்டுப் பேர். அந்த இருபத்தெட்டின் சராசரி அறுபது மார்க். இன்னொரு பள்ளியில் நாற்பதில் முப்பத்தெட்டுப் பேர் கடைசிவரை இருந்தார்கள், சூளைக்குப் போய்த் திரும்பி வந்தவர்களும் சேர்த்து. சராசரி நாற்பத்தெட்டு. மார்க் பட்டியலை மட்டும் பார்க்கிறவன் முதல் பள்ளிக்கு மாலை போடுவான். பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன், 'அந்தப் பன்னிரண்டு பேர் எங்கேப்பா?' என்று கேட்பான். நாம் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களாக இருக்க வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு பேர் எங்கே போகிறார்கள் என்று எனக்கு என் கவுண்டரிலிருந்தே தெரியும். செங்கல் சூளை பொங்கலை ஒட்டிச் சூடு பிடிக்கும். முன்பணம் வாங்கின இருளர் குடும்பம் சட்டிபானையோடு லாரி ஏறும். பிள்ளைகளும் ஏறும். முழுப்பரீட்சை நடப்பது ஏப்ரலில். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம்வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அந்த மாதிரிப் பிள்ளைக்கு 'தொடர் விடுப்பு' என்று எழுதுவார்கள். கொத்தடிமைத்தனத்துக்கு அழகான பெயர்!

நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு ஓர் இருளர் அம்மா பாஸ்புக்கோடு வந்தார். பெண்ணுக்கு உதவித்தொகை வருவதற்காகத் திறந்த கணக்கு.

"சாமி, பாப்பாவுக்குத் துட்டு வந்துச்சான்னு பாருங்க. டீச்சரம்மா வந்துருக்கும்னு சொன்னாங்க."

"என்னைச் சாமின்னு கூப்பிடாதீங்கம்மா. பாப்பா என்ன படிக்குது?"

"ஏழாவது. இப்ப போவல. சூளையில இருந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு."

கணக்கு முடங்கியிருந்தது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கைச் செயலற்றது என்று ஒதுக்குவது வழக்கம். மறுபடி உயிர்ப்பிக்க ஆதார் கேட்டார்கள், போட்டோ கேட்டார்கள், 'நாளைக்கு வா' என்றார்கள். நாளைக்கு வருவதென்றால் அந்த அம்மாவுக்கு ஒருநாள் கூலி. அந்த மேனேஜர் கெட்டவரும் இல்லை. விதியைப் படித்தார், அந்த அம்மாவைப் படிக்கவில்லை. இன்றைக்கு விதியும் மாறிவிட்டது. அரசு உதவித்தொகைக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை அப்படிச் செயலற்றதாக ஒதுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் அறிவுறுத்தி, ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இதை உங்கள் ஊரில் சொல்லுங்கள். கவுண்டரில் தைரியமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

கணக்குக்கு முன்னால் சாதிச் சான்று. நமக்குத் தாசில்தார் கொடுத்தால் போதும். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். 'நீ இருளன்தான் என்பதற்கு அத்தாட்சி என்ன?' என்று கேட்பார்கள். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார விடவில்லை என்று ஒரு நரிக்குறவப் பெண் கொதித்துப் பேசினார். அந்த வீடியோ நாடெங்கும் பரவியது. நவம்பர் 4ஆம் தேதி முதல்வரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றும் கொடுத்தார். நல்ல காரியம். ஆனால் ஒரு பெண் வாய் திறந்து, அது ஊரெல்லாம் ஓடிய பிறகுதான் காகிதம் நகர்ந்தது. 2022 ஜூலை கடைசியில் அதே பூஞ்சேரியில் உலக செஸ் ஒலிம்பியாட் நடந்தது. உலகமே வந்து போன ஊர் அது. அந்த வருஷம் டிசம்பரில்தான் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

'இந்தப் பசங்களுக்குப் படிப்பு வராது' என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்று செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் இரண்டு பேர். 2017இல் அமெரிக்காவில் புளோரிடாவுக்குப் போய் அங்கத்து நிபுணர்கள் திணறிய மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தடம் படிப்பது படிப்பு இல்லையா? அந்த அறிவை ஒரு மார்க்குக்குக்கூட எண்ணாத பாடத்திட்டம், அவர்கள் பேரப்பிள்ளைக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைக்கிறது.

இங்கே தோழர்கள் சிலர் கேட்கலாம். சாதிவாரியாக எண்ணு என்கிறாயே, அதே எண்ணிக்கையால்தானே வகுப்பில் அவமானப்படுகிறோம் என்று. நியாயம். நான் படித்த பள்ளியில் 'எஸ்சி பசங்க எல்லாம் எழுந்து நில்லு' என்பார்கள். ஸ்காலர்ஷிப் பாரம் கொடுக்கத்தான். எழுந்து நிற்கும்போது கால் நடுங்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். தங்களைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அடுத்த வருஷம் பிளஸ் டூவில் அவன் எடுத்த மார்க் 469. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, உதவித்தொகை விஷயத்தைத் தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றது. முழுக்க ஆதரிக்கிறேன். பிள்ளையின் நெற்றியில் சாதியை எழுதாதே. ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் எழுதாமல் விடாதே. வகுப்பறையில் உரக்கச் சொல்வது அவமானம். பேரேட்டில் மறைப்பது திருட்டு. இரண்டும் வேறு.

இன்னொன்றும் மறைக்காமல் பேச வேண்டும். எட்டாவது படிக்கும் நம் பிள்ளைகளில் சிலருக்குத் தமிழ்ப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்க வரவில்லை. இது நிஜம். 'எல்லாம் சாதியச் சதி' என்று ஒரே வார்த்தையில் இதை மூடிவிட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்குத்தான். நம் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் கோபம் வர வேண்டியது நமக்கு. அந்தக் கோபம் யார் மேல் திரும்ப வேண்டும் என்பதுதான் அரசியல். 2019 செப்டம்பரில் அய்ந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் அய்ந்திலும் எட்டிலும் பெயில் போடலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாடு ஏற்க மாட்டேன் என்றது. பெயில் போடுகிறவன் பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிறான். எட்டு வருஷம் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லித் தராத பள்ளிக்கு யார் பெயில் போடுவது?

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்போம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தனிப்பள்ளி என்பதே தீட்டின் தொடர்ச்சி, இணையட்டும் என்று ஒரு சாரார். நம் பணம், நம் இடம், நம் பணியிடம் போய்விடும் என்று இன்னொரு சாரார். என் நிலை இது. பெயர்ப் பலகை எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். இணைத்த பிறகு இந்தப் பிள்ளைகளின் கணக்கு தனியாகத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் அது இணைப்பு இல்லை, தள்ளுபடி.

கடைசியாக, செய்ய வேண்டியது. தோழர்களே, போஸ்டர் ஒட்டுவதைவிடக் கஷ்டமான வேலை சொல்கிறேன்.

ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்கிறபடி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். சேரி அக்காக்களும் இருளர் அம்மாக்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்களா, இல்லை நோட்டில் கைநாட்டு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத் தேதிக்கு அவர்களோடு போங்கள்.

இரண்டு, அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? பெயரைச் சொல்ல வேண்டாம். பிரிவு பிரிவாக எண்ணிக்கை போதும். யூடைஸ் படிவத்தில் இந்தப் பிரிவுக் கணக்கை ஒவ்வொரு வருஷமும் பள்ளியே எழுதி அனுப்புகிறது. டெல்லிக்குப் போகிற கணக்கு, தெருவுக்கு வரக் கூடாதா?

மூன்று, ஜனவரியில் லாரி ஏறும் முன்னால் போய் நில்லுங்கள். எந்தப் பிள்ளை எந்தச் சூளைக்குப் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். முன்பணத்துக்குக் கட்டிப்போட்டிருந்தால் கோட்டாட்சியருக்கு எழுதுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம், மரத்தடியோ கோயில் திண்ணையோ, வாசிக்கத் தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள். புரட்சி அதனால் தாமதப்படாது.

அம்பேத்கர் சட்டசபையில் எண்ணிக் காட்டிய 14 பேர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவர்கள் பேரப்பிள்ளைகள் எங்கேயோ ஆபீசரோ வாத்தியாரோ ஆகியிருக்கலாம். மிச்சம் 1786 பேர் பேரும் யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் உங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியில் ஆறாவது சேர்ந்த பிள்ளைகளின் பேரையாவது நாம் தெரிந்து வைத்துக்கொள்வோம்.